இரண்டு கேபிள்களுக்கு நடுவே ஒரு வெறும் குழி

வேலை தொடங்கிய ஆறாம் நாள் காலை, பள்ளத்தின் 44ஆவது மீட்டரில், பொக்லைன் இயந்திரத்தின் பல் 11 கிலோவோல்ட் கேபிள் ஒன்றைக் கிழித்தது. அங்கே கேபிள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். வரைபடத்தில் இருந்தது. கருவி காட்டியது. தரையில் சிவப்புக் கோடு போட்டிருந்தோம்; போட்டவன் நான். கோட்டின் மேலேயே கையால் குழி தோண்டியும் பார்த்தார்கள். இத்தனைக்கும் பிறகுதான் வெட்டுப்பட்டது.

யாருக்கும் காயமில்லை. சத்தம், வெளிச்சம், கருகிய நெடி, அதன் பின் ஒரு நீண்ட மௌனம். வாளியின் நடுப்பல் நுனி மெழுகுபோல் உருகி, உள்ளே விரல் வைக்கலாம் என்கிற அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஓட்டுநர் இருக்கையைவிட்டு இறங்கவில்லை. அதுவே சரி. வண்டி தீப்பிடிக்காதவரை உள்ளே இருப்பதுதான் பாதுகாப்பு; ஒரு காலைத் தரையிலும் மறு காலை வண்டியிலும் வைப்பதைவிட ஆபத்தான செயல் வேறில்லை. மின்சாரம் நின்றுவிட்டது போலத் தோன்றினாலும் நம்பக் கூடாது. தானாகவோ, காரணம் தெரியாத யாரோ ஒருவராலோ அது மறுபடியும் விடப்படலாம். பொறுப்பான மின் அலுவலர் வந்து, துண்டித்து, புவி இணைப்புக் கொடுத்து, எழுத்தில் தந்த பிறகுதான் ஆட்கள் பள்ளத்தருகே போனார்கள்.

இந்த ஆய்வை எழுதுவதற்குக் காரணம், யாரும் சோம்பேறித்தனமாக நடந்துகொள்ளவில்லை என்பதுதான். வழக்கமான படிகளில் எதையும் விடவில்லை. ஒவ்வொரு படியிலும் உண்மை எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் நாங்கள் அதற்கு வேறு பெயர் வைத்தோம்.

என்ன வேலை, என்ன தெரிந்திருந்தது

மழைநீர்க் குழாய் பதிக்க 120 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் ஆழத்தில் பள்ளம். கைக்கு வந்த வரைபடங்கள் மூன்று: குடிநீர்க் குழாய், தொலைத்தொடர்புக் குழல்கள், மின் கேபிள். மின் வரைபடத்தில் பள்ளத்தைக் குறுக்கே கடக்கும் ஒரே ஒரு கேபிள், ஆழம் 0.9 மீட்டர் என்று பக்கத்தில் எழுதியிருந்தது. எந்த மட்டத்திலிருந்து 0.9 என்று எழுதியிருக்கவில்லை. பெரும்பாலான வரைபடங்களில் எழுதியிருப்பதில்லை. ‘தரைமட்டம்’ என்று சொல்லிவிடுகிறோம், தரை ஏதோ அசையாத பொருள் என்பதுபோல.

குடிநீர்க் குழாய்ப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், அங்கே சிக்கல் வரவில்லை. அது 110 மி.மீ. பிளாஸ்டிக் குழாய், கருவி கண்டுபிடிப்பதற்கென்று கூடவே பதிக்கும் தடக்கம்பி எதுவும் மேலே போடவில்லை. மின்காந்தக் கருவிக்குப் பிளாஸ்டிக் தெரியாது, ஆகவே நிலத்தடி ரேடாரைத் தள்ளிக்கொண்டு போனோம். ரேடார் உண்மையில் அளப்பது நேரத்தைத்தான். ஆழம் என்பது நாம் கொடுக்கும் வேகத்தைப் பொறுத்த கணக்கு. ஓரளவு காய்ந்த மண்ணில் அலை நானோ விநாடிக்குச் சுமார் 10 செ.மீ. போகும். போய்த் திரும்ப 16 நானோ விநாடி என்றால் ஆழம் 80 செ.மீ. அதே மண் நனைந்து வேகம் 7 செ.மீ. ஆகிவிட்டால் அதே 16 நானோ விநாடி 56 செ.மீ. ஆகிவிடுகிறது. அதனால் தெரிந்த ஆழத்தில் இருந்த ஒரு குழாயின் மேல் ஓட்டி வேகத்தைச் சரிபார்த்துக்கொண்டோம். குழியில் குழாய் சொன்ன இடத்திலேயே கிடைத்தது. அந்த வெற்றி எங்கள் கண்ணை மறைத்ததா என்று பிறகு யோசித்ததுண்டு.

கேபிளை எப்படித் தேடினோம்

கேபிள் ஒரு சுவிட்ச் பெட்டியிலிருந்து புறப்படுகிறது. பெட்டி பூட்டியிருந்தது; சாவி வைத்திருப்பவர் மறுநாள்தான் வருவார் என்றார்கள். பெட்டிக்கு வெளியே புவி இணைப்புப் பட்டை தெரிந்தது. அனுமதி வாங்கி, சமிக்ஞை அனுப்பும் கருவியின் ஒரு முனையை அந்தப் பட்டையிலும், மறு முனையைத் தள்ளி அடித்த இரும்புக் கம்பியிலும் மாட்டினோம். கேபிளின் உலோகக் கவசம் அந்தப் பட்டையோடு இணைந்திருக்கும். ஆகவே சமிக்ஞை கவசத்தின் வழியே ஓடும். 8 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண். கையில் பிடித்து அந்தச் சமிக்ஞையைக் கேட்கும் வாங்கியோடு நடந்தால், கேபிளுக்கு நேர்மேலே ஒலி உச்சத்துக்கு வரும்.

வந்தது. ஒற்றை உச்சம். அனுபவமுள்ளவர்கள் அதோடு நிற்க மாட்டார்கள். ‘நல்’ (null) முறைக்கு மாற்றி, ஒலி அடங்கும் புள்ளியும் அதே இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் காந்தப்புலம் கோணலாகவில்லை, பக்கத்தில் வேறு எதுவும் குழப்பவில்லை என்று பொருள். இப்படித்தான் எல்லோருக்கும் கற்றுத் தரப்படுகிறது, எனக்கும்தான். பார்த்தேன். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தன. ஆழப் பொத்தானை அழுத்தினேன்: 0.88.

வரைபடம் 0.9. கருவி 0.88. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் ‘0.9’ என்று எழுதினேன்.

ஒன்றை மட்டும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியாகப் பவர் முறையிலும் ஒருமுறை நடந்தேன். அது சமிக்ஞை எதையும் அனுப்பாமல், கேபிளில் இயல்பாக ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தையே கேட்கும் முறை. அந்த முறையில் லேசான முணுமுணுப்பு ஒன்று கோட்டுக்கு நேர்மேலே அல்லாமல், ஏறக்குறைய ஓரடி தள்ளிக் கேட்டது. பவர் முறை எப்போதுமே துல்லியம் குறைந்தது, அக்கம்பக்கத்து இரைச்சல் என்று விட்டுவிட்டேன். குறிப்பேட்டில் எழுதவும் இல்லை.

குழி

ஐந்தாம் நாள், விதிப்படி, கோட்டுக்கு இருபுறமும் அரை மீட்டருக்குள் இயந்திரம் வரக் கூடாது என்று சொல்லி, கடப்பாரையும் மண்வெட்டியுமாக இருவர் இறங்கினார்கள். குழியின் அகலம் கோட்டுக்குக் குறுக்கே 40 செ.மீ., கோட்டோடு 70 செ.மீ. நடுக்கோடு சிவப்புக் கோட்டின் மேலேயே இருந்தது. அவ்வளவு சுத்தமாக வேலை செய்தார்கள். 90 செ.மீ. வந்தது, ஒன்றும் இல்லை. 1.1 மீட்டர் போனார்கள். அப்போதும் இல்லை.

தோண்டியவர் மேலே பார்த்து, “சார், மணல் வருகிறது” என்று சொல்லியிருக்கிறார். மேற்பார்வையாளர் அதை நினைவில் வைத்திருந்தார், ஆனால் அது ஒரு செய்தி என்று அவருக்குத் தோன்றவில்லை. குழியைப் படம் எடுத்துவைத்தார். எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். நான் வேறோர் இடத்தில் இருந்தேன்.

“குழியில் கேபிள் இல்லை, என்ன செய்யலாம்?”

“இன்னும் ஆழத்தில் இருக்கலாம். 1.1 வரை ஒன்றும் இல்லையென்றால் மேல்மண்ணை இயந்திரத்தால் எடுக்கலாம். எண்பதுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.”

இதுதான் நான் சொன்னது, சொல் பிசகாமல். ‘இந்தக் குழியில் இல்லை’ என்பதை ‘இந்த ஆழம் வரை இல்லை’ என்று மாற்றியவன் நான்தான். 28 சதுர டெசிமீட்டர் ஓட்டை ஒன்று சொன்ன பதிலை முழு அகலத்துக்கும் நீட்டிவிட்டேன்.

மறுநாள் காலை வாளி 60 செ.மீ. ஆழத்தில் கேபிளைத் தொட்டது. எச்சரிக்கை நாடா இல்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். இருந்தது. 30 செ.மீ. ஆழத்திலேயே இருந்தது. முதல் வாளி மண்ணோடு அது மேலே வந்து, கொட்டிய குவியலின் அடியில் போய்விட்டது. குவியலைக் கிளறியபோது மஞ்சள் நாடா ஒரு முழம் நீளத்துக்குத் தொங்கியது.

மண்ணுக்கடியில் இருந்தது என்ன

துண்டித்த பிறகு, இந்த முறை கோட்டுக்குக் குறுக்கே அகலமாகத் திறந்து பார்த்தோம். ஒரு கேபிள் அல்ல, இரண்டு. இரண்டுக்கும் இடையே 60 செ.மீ. சிவப்புக் கோடு மிகச் சரியாக நடுவில். இரண்டும் 60 செ.மீ. ஆழத்தில். இரண்டாவது கேபிள் பின்னால் ஒரு காலத்தில் தனிப் பள்ளம் வெட்டிப் பதிக்கப்பட்டது, மாற்றாக வைத்திருப்பதற்கு. வரைபடத்தில் அது ஏறவே இல்லை. சுமை எதுவும் அதில் இல்லை, ஆனால் மின்னழுத்தம் எப்போதும் உண்டு. வாளி கிழித்தது அதைத்தான்.

பவர் முறை ஏன் ஓரடி தள்ளி முணுமுணுத்தது என்று இப்போது விளங்கியது. அந்த முறை மின்னழுத்தத்தைக் கேட்பதில்லை, மின்னோட்டத்தைத்தான் கேட்கும். சுமையுள்ள கேபிளை மட்டும் அது சரியான இடத்தில் காட்டியிருக்கிறது. நான் இரைச்சல் என்று தள்ளியது ஒன்றே அன்றைக்குக் கிடைத்த உண்மையான தகவல்.

மற்றக் கேள்வி பெரியது: உச்சமும் நல்லும் ஏன் பொய் சொன்னன? அதற்குத் தாளை எடுத்துக் கணக்குப் போட வேண்டியிருந்தது. கடினமானது அல்ல, முன்பே போட்டிருக்கலாம்.

வாங்கிக்குள் கிடைமட்டமாக இரண்டு ஏரியல்கள் இருக்கின்றன. ஒன்று கீழே, மற்றது 40 செ.மீ. மேலே என்று வைத்துக்கொள்வோம். கேபிள் ஒன்றுதான் என்றால் அதன் காந்தப்புலம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 60 செ.மீ. ஆழத்தில் ஒரே கேபிள்: கீழ் ஏரியலில் 100 கிடைத்தால் மேல் ஏரியலில் 60 கிடைக்கும். அந்த விகிதத்திலிருந்து கருவி ஆழத்தைச் சொல்லிவிடும். இப்போது அதே 60 செ.மீ. ஆழத்தில், ஒரே திசையில் சம மின்னோட்டத்தோடு, 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு கேபிள்கள். நடுவில் நின்றால் கீழே 100, மேலே 69. கருவிக்கு இரண்டு கேபிள் என்ற ஒன்றே தெரியாது. கீழே 100, மேலே 69 தரக்கூடிய ஒற்றைக் கேபிள் எந்த ஆழத்தில் இருக்கும் என்று அது கேட்டுக்கொள்கிறது. விடை 88.

நல் புள்ளியும் அப்படியே. அந்த முறை கேட்பது காந்தப்புலத்தின் செங்குத்துப் பகுதியை. இருபுறமும் சமமாக இழுக்கும்போது செங்குத்துப் புலம் நடுவில் அடங்கத்தான் செய்யும். மின்னோட்டம் சமமாக இல்லாதிருந்தால் உச்சமும் நல்லும் விலகி நின்று காட்டிக்கொடுத்திருக்கும். எங்கள் துரதிர்ஷ்டம், இரண்டும் ஒரே வகைக் கேபிள், ஒரே நீளம், இரு முனைகளிலும் ஒரே பட்டையில் புவி இணைப்பு. நான் சமிக்ஞை கொடுத்த இடமும் அந்தப் பட்டைதான். சமிக்ஞை சரிபாதியாகப் பிரிந்து போனது. சோதனையை ஏமாற்றுவதற்கென்றே யாரோ அமைத்ததுபோல் ஒரு சமச்சீர்.

இடைவெளி கொஞ்சம் கூடியிருந்தாலும் தப்பித்திருப்போம். ஆழத்தை 1.73ஆல் வகுத்து வரும் தொலைவுக்கு மேல் ஒவ்வொரு கேபிளும் நடுவிலிருந்து விலகிப்போனால்தான் உச்சம் இரண்டாகப் பிரியும். 60 செ.மீ. ஆழத்துக்கு அந்த எல்லை 35 செ.மீ. எங்கள் கேபிள்கள் நடுவிலிருந்து 30 செ.மீ.

இனி 0.9 விவகாரம். கேபிள் பதித்த காலத்தில் அது உண்மையிலேயே 0.9இல்தான் இருந்தது. பின்னர் சாலையைச் சீர்செய்தபோது 30 செ.மீ. மண்ணை வெட்டியெடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு வந்த இரண்டாவது கேபிளைப் புதிய மட்டத்திலிருந்து 60இல், முதல் கேபிளுக்கு இணையாகப் போட்டிருக்கிறார்கள். ஆக, வரைபடத்தின் 0.9 ஒரு பழைய உண்மை, கருவியின் 0.88 ஒரு புதிய பொய். இரண்டும் தற்செயலாகக் கைகுலுக்கிக்கொண்டதை நான் உறுதிப்பாடு என்று எடுத்துக்கொண்டேன்.

மணல்

மேற்பார்வையாளர் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். குழியின் இரு எதிர்ச் சுவர்களிலும், ஏறக்குறைய 50இலிருந்து 70 செ.மீ. வரை, வெளிறிய ஒரு பட்டை. சுற்றியிருந்த களிமண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத மணல். கேபிளைப் பதிக்கும்போது கல் குத்தாமல் இருக்க அடியிலும் மேலேயும் மணல் பரப்புவது வழக்கம். ஆகவே களிமண்ணில் மணலைக் கண்டால் பக்கத்தில் கேபிளோ குழாயோ இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஒரு சுவரில் இருந்தால் ஒன்று. எதிரெதிர்ச் சுவர்களில், ஒரே ஆழத்தில் இருந்தால்?

அளந்து பார்த்தேன். குழிச் சுவருக்கும் கேபிளின் மேலுறைக்கும் இடையே இருந்தது ஆறு ஏழு செ.மீ. மண். எச்சரிக்கை நாடாவின் விளிம்புக்கும் சுவருக்கும் இடையே இரண்டரை செ.மீ. கடப்பாரை ஒருமுறை பக்கவாட்டில் சறுக்கியிருந்தால் நாடா தெரிந்திருக்கும். அதே சறுக்கல் கொஞ்சம் கீழே நடந்திருந்தால், கடப்பாரையைப் பிடித்திருந்தவர் இன்று இருந்திருக்க மாட்டார். கையால் தோண்டுவது இயந்திரத்தைவிடப் பாதுகாப்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கடப்பாரைக்கு அது பொருந்தாது; மழுங்கிய மண்வெட்டிக்கும், மண்ணைத் தளர்த்தி உறிஞ்சியெடுக்கும் இயந்திரத்துக்கும் பொருந்தும்.

கோடு சொல்லாதது

நிலத்தடிக் குழாய்களையும் கேபிள்களையும் கண்டறிவதற்கான பிரிட்டனின் பி.ஏ.எஸ். 128 என்ற நெறிமுறை 2014இல் வந்து 2022இல் திருத்தப்பட்டது. அது தகவலின் தரத்தை நான்காகப் பிரிக்கிறது. டி என்பது ஆவணங்களில் மட்டும் கண்டது. சி என்பது களத்தில் மூடிகள், பெட்டிகள் முதலியவற்றோடு ஒப்பிட்டது. பி என்பது கருவியால் கண்டறிந்தது. ஏ என்பது திறந்து கண்ணால் பார்த்தது. பி-க்குள்ளேயே ஒரே முறையில் கண்டதற்கும், ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் ஒத்துப்போனதற்கும் தனித்தனிப் படிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் பொறியாளர் சங்க நெறியும் இதே நான்கு எழுத்துகளைத்தான் பயன்படுத்துகிறது.

என் அறிக்கையில் அந்த எழுத்து இருந்தது. தரையில் இல்லை. தரையில் இருந்தது ஒரு சிவப்புக் கோடும் ஓர் எண்ணும். குடிநீர்க் குழாய்க்குப் போட்ட நீலக் கோடு குழியில் கண்ணால் பார்த்து உறுதியானது. சிவப்புக் கோடு ஒரே முறையில், ஒரே இணைப்பில், பூட்டிய பெட்டியின் வெளியே நின்று கண்டது. பெயின்ட் இரண்டையும் ஒரே அகலத்தில், ஒரே அழுத்தத்தில் காட்டியது. நிறங்களுக்குப் பல நாடுகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. எவ்வளவு நம்பலாம் என்பதற்கு எங்கள் தளத்தில் நிறமும் இல்லை, கோட்டு வகையும் இல்லை. இயந்திர ஓட்டுநர் அறிக்கையைப் படிப்பதில்லை, படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவர் படிப்பது தரையை.

‘0.9’ என்று எழுதியது இதிலே மோசமான பகுதி என்பது என் கருத்து. கோடு ‘இங்கே கவனம்’ என்கிறது. எண் ‘அதுவரை கவலையில்லை’ என்கிறது. தொலைபேசியில் ‘எண்பது’ என்று நான் சொன்ன எண்ணும் அந்த 0.9இலிருந்து பிறந்ததுதான்.

மறுபரிசோதனை

பழுது பார்த்து இணைப்புப் போடுவதற்கு முன், சாவி வந்து பெட்டி திறக்கப்பட்டது. உள்ளே கீழ்த்தட்டில் இரண்டு கேபிள்கள் பக்கத்தில் பக்கத்தில் ஏறி நின்றன. ஒரே ஒரு நாள் காத்திருந்தால், கருவியே இல்லாமல், கண்ணால் பார்த்து எண்ணியிருக்கலாம்.

பள்ளத்திலிருந்து சில மீட்டர் தள்ளி, தோண்டாத இடத்தில், பழைய இணைப்பையே மறுபடியும் கொடுத்து நடந்தேன். அதே ஒற்றை உச்சம், அதே 0.88. பிறகு வாங்கியைத் தரையிலிருந்து 30 செ.மீ. தூக்கிப் பிடித்து ஆழத்தை எடுத்தேன். ஒற்றைக் கேபிள் என்றால் 0.88 என்பது 1.18 ஆக வேண்டும். கருவி 1.08 என்றது. தாளில் போட்ட கணக்கும் 1.08. பத்து செ.மீ. குறைவு. அரை நிமிட வேலை அது. பயிற்சியில் சொல்லித்தந்திருந்தார்கள், உச்சமும் நல்லும் ஒத்துப்போனதால் தேவையில்லை என்று நினைத்திருந்தேன்.

அடுத்து, துண்டித்த நிலையிலேயே, பெட்டிக்குள் ஒரு கேபிளை மட்டும் சுற்றி, சமிக்ஞையை ஊட்டும் வளையக் கவ்வியைப் போட்டேன். சமிக்ஞை ஒரு கேபிளில் போய், மறுமுனைப் புவி இணைப்பின் வழியாக மற்றக் கேபிளில் திரும்பி வந்தது. எதிர்த் திசைகளில் ஓடுவதால் நடுவில் ஒலி அறவே அடங்கி, இருபுறமும் இரண்டு உச்சங்கள் எழுந்தன. உச்சங்களின் இடம் கேபிள்களைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளித்தான் விழுந்தது. அளவுக்கு அதை நம்ப முடியாது. ஆனால் எண்ணிக்கையை மறைக்க அதனால் முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் சில பழக்கங்களை மாற்றினோம். சோதனைக் குழி கோட்டுக்குக் குறுக்கே நீண்ட பிளவாக, குறைந்தது 1.2 மீட்டருக்குத் தோண்டப்படுகிறது. குழி வெறுமையாக இருந்தால் வேலை நிற்கும். கோடு போட்டவர் நேரில் வந்து குழியின் சுவர்களைப் பார்த்த பிறகுதான் மேலே நகரும், தொலைபேசியில் பதில் கிடையாது. தரையில் ஆழம் எழுதுவதில்லை. கண்ணால் பார்த்ததற்கு மட்டும் முழுக்கோடு. கருவியால் மட்டும் கண்டதற்குப் புள்ளிக்கோடு. மேற்பார்வையாளருக்கு இந்தக் கடைசி மாற்றம் பிடிக்கவில்லை: “புள்ளிக்கோடு என்றால் உங்களுக்கே சந்தேகம் என்று ஆட்கள் நினைப்பார்கள்” என்றார். ஆம், நினைக்கட்டும் என்றேன். அவர் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

திருத்திய வரைபடத்தில் இரண்டு கேபிள்களும், போட்ட இணைப்பின் இடமும் ஏறிவிட்டன. ஆழத்துக்குப் பதிலாகக் கேபிளின் மேற்பரப்பு மட்டத்தைத் தளத்தின் நிலைக்குறியிலிருந்து (உயரம் அளப்பதற்கான அசையாத அடையாளம்) அளந்து எழுதியிருக்கிறோம். நாளை யாராவது சாலையை உயர்த்தினாலும் வெட்டினாலும் அந்த எண் மாறாது. பள்ளத்துக்கு அப்பால் கேபிள்கள் வளைந்து போகும் முப்பது மீட்டரை மட்டும் இன்னும் யாரும் திறந்து பார்க்கவில்லை. அங்கே வரைபடத்தில் இரண்டு புள்ளிக்கோடுகள் போகின்றன, இடைவெளி எழுதாமல்.